பட்டணத்து வீடு: போவதா, இருப்பதா?



சென்ற பள்ளி விடுமுறையில் நமது தோட்டத்து அண்ணன் ஒருவர் மோட்டாரை நிறுத்திவிட்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். ஐம்பத்து நான்கு வயது. பால்மரம் சீவுகிறவர். அவருடைய மனைவி வெளிக்காட்டு வேலை செய்கிறார். மூத்த மகன் கோலாலம்பூரில் ஒரு தங்கும் விடுதியில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறான். மகள் ஐந்தாம் படிவம். கடைக்குட்டி நமது பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். "சார், பையன் பிரிக்பீல்ட்ஸ்ல வீடு பார்த்திருக்கானாம். எல்லாரும் வந்துடுங்கங்கிறான். இவ ஒத்துக்க மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய காரியமா இது? அன்று நாம் பதில் சொல்லவில்லை. "வாங்க அண்ணே, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்," என்று மட்டும் சொன்னோம். அடுத்த சனிக்கிழமை இருவரும் ரயிலேறிப் போய் வந்தோம். அங்கே கண்டதையும், வந்த பிறகு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்ட கணக்கையும்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம். இதே கேள்வி உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேள்வியில் நமக்கும் சொந்த நலன் ஒன்று உண்டு. நமது பள்ளியில் மாணவர்கள் முப்பத்தோரு பேர். ஒரு குடும்பம் போனால் முப்பது. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் சற்றுக் குறைவு. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகளே. ஆகையால் "போகாதீர்கள்" என்று சொல்ல ஆசிரியர்களாகிய நமக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். அந்த ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச முயல்கிறோம். எங்காவது அது எட்டிப் பார்த்தால் நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

இனி பிரிக்பீல்ட்ஸ் என்கிற அந்த ஊரைப் பார்ப்போம். 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பெருந்தீ மூண்டது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அத்தாப்புக் கூரையும் மரச் சுவருமாக இருந்த ஊரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆங்கில ஆட்சியினர் முடிவு செய்தனர். அதற்குச் செங்கல் சூளை போட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது. பின்னர் ரயில்வே அங்கே தன் பணிமனைகளை அமைத்தது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், மலையாளிகள், சீனர் என்று பலரும் அங்கே குடியேறினர். 1894-இல் பௌத்த மகா விகாரையும், 1904-இல் விவேகானந்தர் ஆசிரமமும் அங்கே எழுந்தன. 1905-இல் ரயில்வே ஊழியர்களுக்காக நூறு வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நம் லயங்களைப் போலவே ஒட்டி ஒட்டி நின்ற வீடுகள் அவை.

அந்த வீடுகள் இன்று இல்லை, இடிக்கப்பட்டுவிட்டன. இதைக் கேட்டதும் நம்முடன் வந்த அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. "ரயில்வேக்காரன் வீடே போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவ்வூர் அடியோடு மாறியிருக்கிறது. பழைய ரயில்வே நிலத்தின்மீது கட்டப்பட்ட கேஎல் சென்ட்ரல் நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது. 2003-இல் மோனோரயில் ஓடத் தொடங்கியது. 2010 அக்டோபரில் அப்போதைய நம் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து அவ்விடத்தை 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தார்கள். தோரண வாயில், வண்ணத் தூண்கள், நீரூற்று எல்லாம் வந்தன. சாலைகள் ஒருவழிப் பாதைகளாயின. நிலையத்தை ஒட்டி வானளாவிய அலுவலகங்கள், தங்கும் விடுதிகள், பேரங்காடி. ஒருபுறம் கண்ணாடிக் கோபுரம். சாலையைத் தாண்டினால் பூமாலைக் கடையும், இலைபோட்டுச் சோறு போடும் உணவகமும், கிளி ஜோசியரும். பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களையும் வழியெங்கும் காணலாம். இவ்வளவு வண்டி நெருக்கடியில் அவர்கள் சாலையைக் கடப்பதைப் பார்த்தால் நமக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது.

ஊரின் நடுவே ஓடும் பெருஞ்சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். முன்பு அது பிரிக்பீல்ட்ஸ் சாலை. துன் வீ. தி. சம்பந்தன் யார் என்று நம் மூத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர் வீடிழந்த காலத்தில், 1960-இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். நம் தாத்தா பாட்டிமார் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டினார்கள். தொழிலாளிக்கு நிலம் சொந்தமாக வேண்டும் என்று சொன்னவரின் பெயர் தாங்கிய சாலையில் நாங்கள் வாடகைக்கு வீடு தேடி நடந்தோம்.

மகன் பார்த்து வைத்திருந்த வீட்டைக் கண்டோம். பழைய அடுக்குமாடியில் நான்காவது மாடி. மின்தூக்கி கிடையாது. மூன்று அறைகள், ஓர் அறைக்குச் சன்னல் நடைவழியைப் பார்த்திருந்தது. வாடகை 1,500 வெள்ளி. வீட்டுக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் அவர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அதே மாடியில் இரண்டு வீடுகளை அதன் உரிமையாளர்கள் இப்போது நாள் வாடகைக்கு, ரயிலில் வந்து இறங்கும் சுற்றுப்பயணிகளுக்கு விடுகிறார்களாம். அதில் வருமானம் கூடுதலாம். இந்தச் செய்தியை நாம் குறித்துக்கொண்டோம். காரணம் பின்னால் வரும்.

இனி கணக்கைப் பார்ப்போம். தோட்டத்தில் கணவன் மனைவி இருவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம். 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி. சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்குப் பதினொன்று, அதாவது 187 வெள்ளி. சொக்சோ முதலிய பிடித்தங்களும் போக, ஆளுக்கு 1,500 வெள்ளிக்குக் கொஞ்சம் குறையாமல் கைக்கு வரும். வீட்டுக்கு வாடகை இல்லை. பின்கட்டில் முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி, நான்கு கோழி. மரவள்ளி வாங்கி யாரும் பார்த்ததில்லை. இவையெல்லாம் சம்பளச் சீட்டில் எழுதப்படாத சம்பளம். அக்கா ஒரு மாதம் காய்கறிக்கும் முட்டைக்கும் கடையில் கொடுக்காமல் மிச்சமான காசை நாம் எழுதச் சொன்னோம். 160 வெள்ளி வந்தது. அவரே நம்பவில்லை.

பட்டணத்தில் என்ன? மகனுக்கு 2,300 வெள்ளி. அண்ணனுக்குக் காவலாளி வேலை, அக்காவுக்கு ஏதேனும் கட்டடத்தில் துப்புரவு வேலை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கும் அதே 1,700-தான் ஆரம்பம். ஆகவே சம்பளம் உயரவில்லை. வாடகை 1,500 மட்டும் புதிதாக வந்துவிட்டது. அதன்மேல் தண்ணீர், மின்சாரம், எரிவாயு. வாசற்படி ஏறும் முன்பே கொடுக்க வேண்டிய பணமும் உண்டு. வழக்கத்தில் இரண்டு மாத வாடகை முன்பணம், அரை மாதம் மின்சாரம் தண்ணீருக்கான பிணை, முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். 3,000, 750, 1,500. மொத்தம் 5,250 வெள்ளி. லாரி வாடகை தனி. இந்தத் தொகை கையில் இல்லாமல் வட்டிக்காரனிடம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போவதைவிடப் போகாமல் இருப்பதே நல்லது என்று இதில் மட்டும் நாம் தயங்காமல் சொல்வோம்.

இதுவரை கேட்டவர்கள், "அப்படியானால் தோட்டமே மேல்" என்பீர்கள். பொறுங்கள். இலவச வீடு என்றோமே, அது யாருடைய வீடு?

நமது தந்தையாரும் பால்மரம் சீவியவர்தாம். ஓய்வு பெற்ற மறுமாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். முப்பத்தெட்டு ஆண்டு வாழ்ந்த வீடு. அம்மா நட்ட மாமரம் காய்த்துக் குலுங்கிய பருவம் அது. காயைப் பறித்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். மரத்தைக் கட்டிக்கொண்டு வர முடியவில்லை. அப்போது கையில் சேமநிதிப் பணம் இருந்தது. ஆனால் அவசரத்தில் கிடைத்த வீட்டை, சொன்ன விலைக்கு வாங்கினோம். கூரை ஒழுகியது. இதைச் சொல்வது யாரையும் குறை கூற அல்ல. தோட்ட வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடியும். குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 முதல் அறுபது. நம் அண்ணனுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. ஆக, "இருப்பதா, போவதா" என்பதல்ல அவர் முன் நிற்கும் கேள்வி. "இப்போது போவதா, ஆறு ஆண்டு கழித்துப் போவதா, எங்கே போவதா" என்பதே.

அந்த ஆறு ஆண்டுகூட உறுதியா? ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் வெட்டி வீடமைப்புப் பகுதி போட்டார்கள். இன்று புத்ராஜெயா நிற்குமிடம் முன்பு பிராங் பெசார் தோட்டம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். நமது தோட்டத்திலும் லயத்தில் பாதி வீடுகளில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்களும் உழைக்க வந்தவர்களே. அவர்கள்மேல் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் கோயில் திருவிழாவுக்குத் தோள் கொடுக்க ஆள் குறைந்துவிட்டது என்பது மட்டும் உண்மை.

பிள்ளைகள் பக்கம் பார்த்தால் பட்டணத்துக்குத்தான் பலம். மகளுக்கு ஐந்தாம் படிவம் முடிந்ததும் மேற்கல்வி வேண்டும். இங்கிருந்து போவதென்றால் விடுதிச் செலவு. அங்கிருந்தால் ரயிலிலேயே பல கல்லூரிகளுக்குப் போய்வரலாம். ரெபிட் கேஎல் ரயில்களிலும் பஸ்களிலும் மாதம் 50 வெள்ளி அட்டை ஒன்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். கேடிஎம் கொமுட்டருக்கு அது செல்லாது, அதற்குத் தனிக் கட்டணம். கடைசிப் பையனுக்கு அங்கேயே விவேகானந்தா தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதிலும் ஒரு தமிழாசிரியராக நமக்கு மகிழ்ச்சியே. தமிழ்க் கடைகள், தமிழ்க் குரல்கள், கோயில்கள், பாட்டு நடன வகுப்புகள் என எல்லாம் நடந்து போகும் தூரம். பட்டணம் போனால் தமிழ் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் அவ்வூருக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

அக்காவின் அச்சம் வேறு. "இங்க நான் காய்ச்சலா படுத்தா பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சார். அங்க யாரு?" என்றார். இதற்குக் கணக்குப் போட முடியாது. ஆனால் இது வெறும் பயமும் அல்ல. எழுபது, எண்பதுகளில் தோட்டம் விட்டுப் பட்டணத்தோரம் போன நம் மக்கள் பலர் புறம்போக்குக் குடிசைகளிலும், தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிய நீண்ட வீடுகளிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். தோட்டத்திலிருந்த ஆயாக்கொட்டகை, மருந்தகம், திடல் எதுவும் அங்கே இல்லை. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு வேளை வேலைக்குப் போக, பிள்ளைகளைத் தெரு வளர்த்தது. 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் நடந்த கலவரத்தில் உயிர்கள் போயின. அது பிரிக்பீல்ட்ஸ் அல்ல. ஆனால் நெருக்கடியான வறிய குடியிருப்பு என்ன செய்யும் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இப்போது, முன்பு குறித்துக்கொண்ட அந்தச் செய்திக்கு வருவோம். மாறிக்கொண்டிருக்கும் ஊரில் வாடகைக்குப் போகிறவருக்கு, அந்த மாற்றமே ஆபத்து. சொந்த வீடு உள்ளவருக்கு நிலையம் வந்ததும் வீட்டு விலை ஏறியது. அவருக்கு அது இலாபம். வாடகைக்காரருக்கு அதே ஏற்றம் வாடகை உயர்வாக வரும். நாள் வாடகையில் காசு கூடுதலாக வருகிறது என்றால் நம் வீட்டுக்காரர் எத்தனை நாள் நல்ல மனிதராக இருப்பார்? அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு. ஆகவே போவதென்று முடிவு செய்தால் வாய்ப்பேச்சில் போகாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். ஓர் ஆண்டு அல்ல, இரண்டு ஆண்டு என்று கேளுங்கள். எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதையும், புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மலாய் புரியவில்லையானால், ஆங்கிலம் புரியவில்லையானால், பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்வதற்குத்தானே வாத்தியார் இருக்கிறோம்?

மாநகர் மன்றத்தின் மலிவு வாடகை வீடுகள் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளுக்கு நெடுங்காலமாக மாத வாடகை 124 வெள்ளிதான். கேட்க இனிக்கும். ஆனால் குடும்ப வருமான வரம்பு உண்டு. வீட்டில் மூவர் சம்பாதித்தால் அதைத் தாண்டிவிடலாம். காத்திருப்போர் வரிசையும் நீளம். அதை நம்பித் தோட்டத்து வேலையை விடுவது ஆகாது. மனு மட்டும் போட்டு வையுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நாங்கள் திரும்பி வரும்போது ரயிலில் அது மனத்தில் பட்டது. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயிலின் இரு தடங்களும் சந்திக்கின்றன. ஒன்று தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை. மற்றொன்று பத்துமலையிலிருந்து நெகிரி செம்பிலான் வழியாகப் புலாவ் செபாங் வரை. இந்தத் தடங்களில் உள்ள சிற்றூர்களில், பட்டணத்து நடுவில் வீடு பிடிக்கும் விலை கிடையாது. மகன் ரயிலில் வேலைக்குப் போகலாம். அங்கே ஒரு சிறு வீட்டை வாடகைக்கு அல்ல, விலைக்கே வாங்க முடியுமா என்று பார்க்கலாம். சேமநிதியில் 2024 மே முதல் மூன்று கணக்குகள். அவற்றுள் 'செஜாத்ரா' கணக்கிலுள்ள பணத்தை வீடு வாங்க எடுக்கலாம். எடுத்த பணம் முதுமைக்கு இல்லாமல் போகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் வாடகையாகப் போகிற பணம் திரும்பி வராது. வீட்டுத் தவணையாகப் போகிற பணத்துக்குக் கடைசியில் ஒரு கூரையாவது மிஞ்சும். இது நமது கருத்து. பிரிக்பீல்ட்ஸில் வாழும் நம் நண்பர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "ரயிலிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டால் பிள்ளை எப்போது தகப்பன் முகத்தைப் பார்ப்பது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எல்லாவற்றையும் அண்ணனிடமும் அக்காவிடமும், மகனைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, ஒரு மாலை முழுவதும் பேசினோம். முடிவு நாம் சொன்னபடி ஆகவில்லை. மகன் சொன்னபடியும் ஆகவில்லை. மகன் அந்த நான்காவது மாடி வீட்டை விட்டுவிட்டு, கூட வேலை செய்யும் இருவரோடு சேர்ந்து ஓர் அறை எடுத்துக்கொள்கிறான். தங்கை ஐந்தாம் படிவம் முடித்ததும், பெண்கள் மட்டும் தங்கும் அறை ஒன்றைப் பக்கத்திலேயே தேடுவது. பெற்றோர் தோட்டத்திலேயே வேலையைத் தொடர்வது. மூவர் சேமிப்பையும் சேர்த்து மூன்று ஆண்டுக்குள் ரயில் தடத்தோரம் ஒரு வீட்டுக்கு முன்பணம் தேற்றுவது. அந்த மூன்று ஆண்டில் தோட்டம் கைமாறினால்? "அப்ப மறுபடியும் உங்க திண்ணைக்குத்தான் சார் வரணும்," என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டே. அக்கா சிரிக்கவில்லை. மூன்று ஆண்டில் பையன் ஆறாம் ஆண்டை முடித்துவிடுவானா என்று விரல் விட்டு எண்ணினார். முடித்துவிடுவான்.

கறிவேப்பிலைக் கன்று இரண்டைத் தகர டின்னில் எடுத்து வைத்திருக்கிறார் அவர். எந்த வீட்டுக்கு என்று இன்னும் தெரியாது. வேர் பிடித்துவிட்டது என்று நேற்றுச் சொன்னார்.